மெட்ரோ சந்தில் முதல் லென்ஸ்

கொல்கத்தாவில் மெட்ரோ சந்து என்றதும் வெளியூர்க்காரர்கள் சுரங்க ரயிலைத்தான் நினைப்பார்கள். ஆனால் பெயர் ரயிலைவிட மூத்தது. எஸ்பிளனேடிலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1984-ல். சௌரங்கி சாலையில் மெட்ரோ சினிமா திறக்கப்பட்டதோ 1935-ல். தியேட்டரை ஒட்டிய சந்துக்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது. வங்காளிகள் 'மெட்ரோ கலி' என்று அழைக்கும் இந்தச் சந்துதான் நகரத்தின் கேமரா கடைவீதி. எலக்ட்ரானிக்ஸ் என்றால் சென்னைக்கு ரிச்சி தெரு. கேமரா என்றால் கொல்கத்தாவுக்கு மெட்ரோ கலி. புதியது, பழையது, பழுது பார்ப்பது எல்லாம் இங்கே உண்டு.

பழையது வாங்குபவர்களுக்கு இது நல்ல காலம். கேனானும் நிக்கானும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறிவிட்டன. 2020-க்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் புதிய டிஜிட்டல் எஸ்எல்ஆர் எதையும் அறிமுகப்படுத்தவில்லை. வசதி உள்ளவர்கள் விற்றுவிட்டுப் போகும் எஸ்எல்ஆர்கள், கல்லூரி மாணவர்களுக்கும் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கும் இளைஞர்களுக்கும் எட்டும் விலைக்கு வந்திருக்கின்றன. கேமராவை முடிவு செய்வது சுலபம். கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு எந்த லென்ஸ் என்பதில்தான் சிக்கல்.

வழக்கமாகக் கிடைப்பது இரட்டை லென்ஸ் கூட்டணி: கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. ஜூம், கூடவே 55-200 அல்லது 55-250 மி.மீ. நீள ஜூம். புதியவரின் கண் உடனே நீளமானதன் மேல் விழும். பார்க்கப் பெரிதாக இருக்கிறது; தூரத்தில் இருப்பதை அருகே கொண்டுவருகிறது; கழுத்தில் மாட்டினால் தொழில்காரர் போலத் தோற்றம் தருகிறது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் நகரத்தைச் சுற்றி வந்தால், இவற்றில் எது கொல்கத்தாவில் உதவும் என்பது தெரிந்துவிடும்.

விடியற்காலையில் ஹௌரா பாலத்தின் கிழக்கு முனையில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தையில் தொடங்கலாம். சாமந்தி மாலைகளைத் தோளில் சுமந்து வருபவர்கள், தலையில் கூடையுடன் வழி கேட்டுக் கத்தும் கூலியாட்கள், தரையில் விரித்த பூக்குவியல்கள். இங்கே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே இரண்டு கை தூரம் இருந்தால் அதிகம். 200 மி.மீ. லென்ஸுடன் பத்தடி பின்வாங்கி நின்றால், குறிவைத்த முகத்துக்கு முன்னால் நான்கு கூடைகள் கடந்து போயிருக்கும்.

இந்த நெரிசலுக்கு ஏற்றது குட்டையான, ஜூம் இல்லாத லென்ஸ். தொடக்கநிலை எஸ்எல்ஆர்களின் சென்சார் பழைய பிலிமைவிடச் சிறியது. அதனால் லென்ஸின் பார்வை குறுகிவிடுகிறது. நிக்கானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு என்று பெருக்கிக்கொள்ள வேண்டும். பிலிம் காலத்தில் எல்லோரும் புகழ்ந்த 50 மி.மீ. லென்ஸ் இந்த கேமராக்களில் 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஒருவர் முகத்தை மட்டும் எடுக்க அருமை; சந்துக்குள் மூச்சு முட்டும். பழைய 50-ன் பார்வை வேண்டுமானால் நிக்கானில் 35 மி.மீ. எஃப்/1.8 வாங்க வேண்டும். கேனானில் இன்னும் சற்று அகலமான 24 மி.மீ. எஃப்/2.8 தட்டை லென்ஸ் உண்டு.

அந்த 50-க்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947-48-ல் இந்தியாவைப் படம் பிடித்த ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸோன் தன் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 மி.மீ. லென்ஸைத்தான். 1987-ல் வெளியான அவரது இந்தியப் படத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் கொல்கத்தாவின் சத்யஜித் ராய்.

பூச்சந்தையிலிருந்து வடக்கே சென்றால் குமார்துலி. துர்கை சிலைகள் உருவாகும் குயவர் குடியிருப்பு. 2021-ல் கொல்கத்தா துர்கா பூஜை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே கேமராக்காரர்கள் இங்கே படையெடுத்து வருகிறார்கள். கூடங்களுக்குள் பகலிலும் அரையிருட்டு. 55 மி.மீ.யில் கிட் லென்ஸ் திறக்கக்கூடிய அதிகபட்சத் துவாரம் எஃப்/5.6. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒன்றில் பத்தில் ஒரு விநாடி ஷட்டர் திறந்திருக்க வேண்டிய இடத்தில் மற்றதில் நூறில் ஒரு விநாடி போதும். சிலையின் விழியை எழுதும் கலைஞரின் விரல், முதலாவதில் தீற்றலாகவும் இரண்டாவதில் விரலாகவும் பதியும்.

குட்டை லென்ஸ் இன்னொன்றையும் கட்டாயமாக்குகிறது. அருகே போனால்தான் படம். அருகே போனால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், வேண்டாம் என்றும் சொல்லலாம். நீள லென்ஸில் அந்தக் கேள்வியே எழாது. அவருக்குத் தெரியாமலே படம் முடிந்துவிடும். களிமண் பிசைந்து வயிறு வளர்ப்பவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. தலையசைப்புக்காகக் காத்திருந்து எடுத்த படத்தில் கிடைக்கும் முகம், ஒளிந்திருந்து எடுத்ததில் கிடைப்பதில்லை.

கிட் லென்ஸ் வீண் என்று இதற்கு அர்த்தமல்ல. ஷோபாபஜார் படகுத்துறையிலிருந்து ஹௌராவுக்குப் படகு ஏறினால் 1943-ல் திறக்கப்பட்ட பாலத்தின் அடியிலேயே போகலாம். 705 மீட்டர் நீள இரும்பை ஒரே படத்துக்குள் கொண்டுவர 18 மி.மீ. தேவைப்படும். மைதானத்தில் கால்பந்து, ரவீந்திர சரோபரில் பறவைகள் என்று மனம் போகிறவர்களுக்கு நீள லென்ஸே முதல் லென்ஸ். மற்றவர்களுக்கு அது அலமாரியில்தான் தூங்கும்.

அலமாரியில் தூங்குவது கொல்கத்தாவில் ஆபத்து. மழைக்கால ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். செகண்ட் ஹாண்ட் லென்ஸை வாங்கும்போது துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கியதைத் தோல் உறையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வைப்பது நல்லது.

இன்னொரு பொறி மோட்டார். நிக்கானின் 3000, 5000 வரிசைக் கேமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ்களை மாட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கேனானின் 'ஈஎஃப்' லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. இந்த எழுத்துகள் பின்னாலும் உதவும்: நாளை மிரர்லெஸ் வாங்கினால், அந்தந்த நிறுவனத்தின் அடாப்டர் மூலம் ஏஎஃப்-எஸ், ஈஎஃப் லென்ஸ்கள் தானியங்கி போகஸுடனே அதிலும் வேலை செய்யும். கேமரா போனாலும் லென்ஸ் மிஞ்சும்.

மெட்ரோ சந்திலிருந்து சில நிமிட நடையில், எஸ்.என். பானர்ஜி சாலையில் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ இருந்த கட்டடம் இருக்கிறது. 1860-களில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சேகரிப்பில் பெரும் பகுதியை 1991-ல் தீ தின்றது. 2016-ல் அதன் கதவும் மூடப்பட்டது. கேமராக்களும் கடைகளும் வந்து போயிருக்கின்றன. கொல்கத்தாவின் தெருக்களில் மனிதர்கள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறார்கள். முதல் லென்ஸ் வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்கும் முன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது அந்தத் தூரத்தைத்தான்.