லேத்துக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

மியூனிக், ஈசார் ஆற்றங்கரை



இந்த ஊரில் ஆற்றோரமாகச் சில நிமிடம் நடந்தால் இரண்டு காப்புரிமை அலுவலகங்களைக் கடந்துவிடலாம். ஒன்று ஜெர்மன் நாட்டுடையது. மற்றது ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகம். எதிரே ஆற்றின் நடுத்தீவில் டாய்ச்சஸ் மியூசியம். பழைய இயந்திரங்களைப் பார்க்க அங்கே கூட்டம் அலைமோதும். அவற்றின் ஜாதகம் இருக்கும் இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தேங்காய் உரிக்கும் கருவி. காலால் மிதியை அழுத்தினால் இரண்டு இரும்பு நாக்குகள் விரிந்து மட்டையைப் பிளக்கும். "மாமா, இப்படி ஒண்ணு மார்க்கெட்லயே இல்ல. லேத்துக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டான்.

மார்க்கெட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடாது. காப்புரிமை வாங்கியும் கடைப்பக்கமே வராத சரக்கு ஏராளம். ஏட்டில் இருந்தாலே போதும், காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போயிற்று.

அன்றிரவு போனில் பேசிக்கொண்டே இருவரும் தேடினோம். ஐரோப்பிய அலுவலகத்தின் தேடுதளமான எஸ்பாஸ்நெட்டில் பதினைந்து கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள், பைசா செலவில்லை. அவன் தேங்காய்க்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டிவிட்டு வந்ததை மட்டும் பார்த்தான். அது போதாது. வலையை அகலமாக விரிக்க வேண்டும் என்பதற்காகவே வக்கீல்கள் தேங்காயைத் தேங்காய் என்று எழுதாமல் 'நார் மூடிய காய்' என்கிற மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். அதனால் ஆவணங்களைப் பிரித்து வைக்கும் வகைப்பாட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும். கொட்டைகளை உரிக்கும், உடைக்கும் இயந்திரங்களில் தேங்காய்க்கென்றே ஒரு எண் உண்டு: ஏ23என் 5/03. அதையும் பக்கத்து எண்களையும் புரட்டினால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

புரட்டிப் பார்த்ததில், விரியும் நாக்குகள் புதிதல்ல என்று தெரிந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கேரமித்ரா என்ற தேங்காய் உரிக்கும் கருவியும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. காயின் பருமனுக்கேற்ப நாக்குகள் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி அவன் வைத்திருந்த ஸ்பிரிங் மட்டும் யோசிக்க வைத்தது. இனி அவன் உழைக்க வேண்டியது அந்த ஸ்பிரிங்கில்தான்.

படத்தைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. ஆவணத்தில் உள்ள உரிமைக்கோரல்களைப் படிக்க வேண்டும். காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் தேடல் அறிக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் பழைய ஆவணங்களுக்குப் பக்கத்தில் எழுத்துகள் இருக்கும். எக்ஸ் என்றால் அந்த ஒன்றே விண்ணப்பத்தைச் சாய்த்துவிடும். ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்ந்து சாய்க்கும். ஏ என்றால் வெறும் பின்னணி. எக்ஸ் விழுந்தவற்றை முதலில் படியுங்கள். ஒன்று மட்டும் நம் கையில் இல்லை: விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதம் கழித்தே வெளியாகும். அதற்குள் யாராவது முந்தியிருந்தால் எந்தத் தேடலிலும் அது அகப்படாது.

தேடல் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு வேம்பின் கதையே போதும். வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994இல் இதே ஐரோப்பிய அலுவலகம் காப்புரிமை தந்தது. பெற்றவர்கள் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும். எதிர்ப்பு எழுந்தது. இந்தியத் தொழில் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர், இதை முன்பிருந்தே செய்துவருகிறோம் என்று சாட்சி சொன்னார். 2000இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. நம் விவசாயிக்குத் தெரிந்தது ஆய்வாளர் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தியா பாரம்பரிய அறிவு மின்நூலகத்தை உருவாக்கியது. நம் சித்த மருத்துவ நூல்களின் முறைகளும் அதில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் ஏறியிருக்கின்றன. 2009 முதல் ஐரோப்பிய ஆய்வாளர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

இதைப் படிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரும்பு வாங்குவதற்கு முன் சில மாலைகளைத் தேடலுக்கு ஒதுக்குங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமும் இலவசம்தான். காலாவதியான காப்புரிமை கண்ணில் பட்டால் வருந்தாதீர்கள். அதில் உள்ளதை யாரும் செய்து விற்கலாம். உங்களுடையது உண்மையிலேயே புதிது என்று தெரிந்தால், விண்ணப்பம் போடும்வரை யூடியூபில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். ஐரோப்பாவில் உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான எக்ஸ் ஆகிவிடும்.