கரண்டியில் நிற்கிற பதம்

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், எங்கள் அங்கன்வாடிக்கு வரும், தூத்துக்குடி திரேஸ்புரத்து மீனவத் தாய்மார் பலரும் சொல்வது கஞ்சித் தெளிவைத்தான். “கட்டியாக் குடுத்தா தொண்டைய அடச்சிரும் டீச்சர்” என்பார்கள். அடைக்காது என்று வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை. பதத்தைக் கரண்டியில் காட்ட வேண்டும்.

பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான். ஏழு கிலோ பிள்ளைக்கு இருநூறு சொச்சம். அதில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டால் வயிறு நிறையும், எடை ஏறாது. தாய்ப்பால் குடித்தாலும், ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் நாளொன்றுக்கு 200 கலோரி அளவாவது உணவிலிருந்து வந்தாக வேண்டும்.

பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து, கரண்டியில் எடுத்துச் சாய்ப்பேன். ஓடினால் தண்ணி. கரண்டியைவிட்டு வர மனமில்லாமல் மெல்ல நழுவினால் அதுதான் பதம்.

அப்படியும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவில் ஒரு சிட்டிகையைச் சூடான கட்டிக் கூழில் கலக்கினால், சற்று நேரத்தில் கூழ் இளகிவிடும். தண்ணீர் ஊற்றாமலே விழுங்க எளிதாகும், சத்தும் குறையாது. முளையிலுள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைப்பதுதான் காரணம். 1980களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். கலக்கியபின் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குவது நல்லது.

அடுத்த தகராறு மீன். நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடும். கறிக்கு எடுத்துவைத்ததிலும் பிள்ளைக்குப் பங்கு கிடையாது. “பல்லு முளைக்காம மீனு குடுத்தா மாந்தம் புடிச்சிரும்” என்பார்கள் ஆச்சிமார். ஆனால் பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. மீன் தன் இரும்பைத் தருவதோடு, கூடவே இருக்கும் பருப்பு, கேழ்வரகின் இரும்பையும் உடம்பில் சேரவைக்கும். டீ இரும்பு சேர்வதைத் தடுக்கும். டீயில் நனைத்த பிஸ்கட்டை நான் வேண்டாம் என்பது அதனால்தான்.

விளைமீன் துண்டை மஞ்சள் மட்டும் போட்டு அவித்து, நடுமுள்ளை உருவிவிட்டு, சதையைச் சிம்பு சிம்பாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சிம்பையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்க வேண்டும். கண்ணுக்குத் தப்புகிற முள் விரலுக்குத் தப்பாது. முதல் நாள் நகத்தளவு போதும். தடிப்போ வாந்தியோ இல்லையென்றால் கூட்டலாம். சாளை மலிவு, சத்தும் அதிகம். ஆனால் பொடிமுள் ஏராளம், அதற்குக் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஒரு வயதுக்குள் தேன் தொட்டுவைக்கக் கூடாது. உப்பு, சீனி வேண்டாம், கருப்பட்டியும் இனிப்புதான். எங்கள் ஊர் மக்ரூன் இனிப்பைப் பெரியவர்கள் தின்றுகொள்ளட்டும்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்தில் அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. அதற்குள் மசியலைவிட்டுக் கைப்பிசையலுக்கு வந்துவிட வேண்டும். பத்து மாதம் தாண்டியும் மசியலிலேயே நின்ற பிள்ளை, பிறகு சோற்றுப் பருக்கையைக் கண்டாலே துப்பும். வாயை மூடி முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். மூக்கைப் பிடித்து ஊட்டுவது ஊட்டுவதே அல்ல.

அம்மா மீன்கூடையோடு கிளம்பிவிடுகிற வீட்டில் ஊட்டுவது ஆச்சிதான். அதனால் எடை பார்க்கிற நாளில், “ஆச்சியையும் கூட்டிட்டு வாம்மா” என்று சொல்லிவிடுவேன். கரண்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துச் சாய்க்கச் சொல்வேன். ஆச்சிக்குப் பதம் பிடிபட்டுவிட்டால், அந்த வீட்டின் அடுத்த பிள்ளைக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள், என்னைவிட அதட்டலாக.