ஓடும் காரும் நிற்கும் காரும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

நம் கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் இலவசப் பேருந்து அட்டையோடு வருகிறவர்கள். அவர்கள் நடுவே நின்று கார் வாங்கும் கணக்கைப் பேசுவது, கூழுக்கே வழியில்லாதவன் பாயசத்துக்குப் பக்குவம் சொல்வதுபோல் சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் நாம் படித்த 'நிலையான செலவு', 'மாறும் செலவு' என்னும் இரண்டு சொற்கள், தேர்வோடு நின்றுவிடாமல், சென்ற ஆண்டு இரண்டு வீட்டுத் திண்ணைகளில் என்னை உட்கார வைத்தன. ஒன்று, கும்பகோணத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு. மற்றொன்று, வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் என் தாய்மாமன் வீடு. இருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: பெட்ரோல் கார் வாங்குவதா, மின்சாரக் கார் வாங்குவதா? எது கட்டுப்படியாகும்?

மின்சாரக் கார் நேற்று முளைத்த அதிசயமன்று. 1899-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஓடிக் காட்டியது ஒரு மின்சாரக் காரே. நம் நாட்டில் 2001-இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. ஆயினும் நடுத்தரக் குடும்பத்தார் துணிந்து விலை கேட்கும் நிலைக்கு அது வந்தது அண்மையில்தான். டாடா நிறுவனம் 2022 செப்டம்பரில் தன் 'டியாகோ' காரின் மின்சார வடிவத்தை 8.49 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் அறிவித்தது. ஒரே உடம்பு; பெட்ரோலிலும் கிடைக்கும், மின்சாரத்திலும் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அரசு இந்த இரண்டு கார்களையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 5 விழுக்காடு. சிறிய பெட்ரோல் காருக்கோ 28 விழுக்காடும் அதன்மேல் ஒரு விழுக்காடு மேல்வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடாகக் குறைந்து, பெட்ரோல் காரின் விலை இறங்கியது. தமிழகத்தில் 2023 நவம்பர் முதல், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான சொந்தக் காருக்கு ஆயுள் வரி 13 விழுக்காடு. மின்சாரக் காருக்கு அந்த வரி முழுவதும் விலக்கு என்று 2023-ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் இறுதி வரைக்கும் சலுகை தந்திருந்தது. நான் கணக்குப் போட்டது 2025 தீபாவளிக்குச் சற்று முன்பு; ஆகவே விலக்கைச் சேர்த்தே போட்டேன்.

தலைமையாசிரியர் ஐயாவின் கணக்கை முதலில் சொல்கிறேன். அவர் பார்த்து வைத்திருந்த பெட்ரோல் கார் ஏறக்குறைய 7 லட்சம். ஆயுள் வரி 91 ஆயிரம் சேர்த்தால் 7 லட்சத்து 91 ஆயிரம். மின்சாரக் கார் 10 லட்சம், வரி இல்லை. வித்தியாசம் 2 லட்சத்து 9 ஆயிரம். மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்சாரக் காருக்கு 2022 ஜூன் முதல் 15 விழுக்காடு தள்ளுபடி உண்டென்றாலும், சொந்தச் சேதக் காப்பீடு காரின் மதிப்பைப் பொறுத்தது. மதிப்பு கூடினால் அதுவும் கூடும். ஆகவே அதை இலாபமாக நான் எழுதவில்லை.

ஐயாவின் கார் ஓடப் போவதோ ஆண்டுக்கு 4,000 கி.மீ. தஞ்சாவூரில் உள்ள மகள் வீடு, சில கல்யாணங்கள், கோயில், கடைவீதி, அவ்வளவுதான். லிட்டருக்கு 16 கி.மீ. என்றால் 250 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 25,250 ரூபாய்.

இனி மின்சாரச் செலவு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். "ஒரு யூனிட் நாலரை ரூபாய், அதில் ஆறேழு கி.மீ. ஓடும், ஆகவே கி.மீ.க்கு எழுபது பைசா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நம் வீட்டு மின்கட்டணம் அப்படி நேர்க்கோட்டில் போவதன்று, அது படிக்கட்டு. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையையே எடுத்துக்கொள்வோம் (பின்னர் சிறிது ஏறியிருக்கிறது; படிக்கட்டின் அமைப்பு அதுவே). இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் இரண்டேகால் ரூபாய், அதற்குமேல் 400 வரை நாலரை ரூபாய், பிறகு 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டாலோ இரண்டேகால் ரூபாய்ப் படியே மறைந்து போகும். அதுவும் நாலரை ரூபாய் ஆகிவிடும். 500-க்கு மேல் 8 ரூபாய், 600-க்கு மேல் 9, 800-க்கு மேல் 10, 1,000-க்கு மேல் 11.

ஐயா வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஆகிறது. அதற்கு 1,425 ரூபாய். யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. என்று கணக்கிட்டால் கார் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 100 யூனிட் குடிக்கும். மொத்தம் 550 ஆகிவிடும். அதற்குக் கட்டணம் 2,350 ரூபாய். கார் கொண்டுவந்த கூடுதல் செலவு 925 ரூபாய். அதாவது யூனிட்டுக்கு ஒன்பதேகால் ரூபாய்! அதே காரை, 340 யூனிட் ஆகும் ஒரு சிறிய வீட்டில் மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் அளவில் வருகிறது. காரின் செலவு காரில் மட்டும் இல்லை. வீட்டில் ஓடும் ஏ.சி.யிலும் இருக்கிறது.

ஒன்பதேகால் ரூபாயே ஆனாலும் ஐயாவுக்கு ஆண்டுக்கு மின்சாரச் செலவு 5,700 ரூபாய்தான். பெட்ரோலைவிட 19,550 ரூபாய் மிச்சம். எஞ்சின் ஆயில், கிளட்ச் பிளேட், ஸ்பார்க் பிளக் என்று எதுவும் இல்லாததால் சர்வீஸில் மூன்று நான்காயிரம் குறையும். ஆக 23 ஆயிரம். ஆனால் கூடுதலாகப் போட்ட 2 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய் வங்கியில் வைப்புநிதியாகக் கிடந்தால் 7 விழுக்காட்டில் ஆண்டுக்கு 14,600 ரூபாய் வட்டி தந்திருக்கும். அதைக் கழித்தால் உண்மையான மிச்சம் 8,400 ரூபாய். போட்ட பணம் திரும்பி வர 25 ஆண்டுகள் ஆகும். ஐயாவுக்கு இப்போது வயது 63.

கணக்குத் தாளை அவரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். "தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் நான். வட்டிய விடாமச் சேர்த்திருக்கே, சந்தோஷம். ஆனா எங்க வீட்ல அவங்களுக்குப் பெட்ரோல் வாடையே ஆகாதுப்பா. தஞ்சாவூர் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு தடவை வண்டிய நிறுத்தணும். அதுக்கு உன் கணக்குல கட்டம் இருக்கா?" என்றார். கட்டம் இல்லைதான். அந்த வாரமே மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டினார். அது இப்போது அவர் வீட்டுப் போர்டிகோவில் பச்சை நிற எண் பலகையோடு, பெரும்பாலும் உறை போர்த்தியபடி நின்றுகொண்டிருக்கிறது.

அப்படியானால் எவ்வளவு ஓடினால் கட்டும்? விலை வித்தியாசத்தை 8 ஆண்டுகளில் பரப்பி, வட்டியையும் சேர்த்து, சர்வீஸ் மிச்சத்தைக் கழித்துப் பார்த்தேன். சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 7,500 கி.மீ. அளவில் இலாப நட்டமற்ற புள்ளி வருகிறது. நாளொன்றுக்கு 20 கி.மீ. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஐந்து ரூபாய் மிச்சம். தஞ்சையிலிருந்து நாள்தோறும் காரில் வந்துபோகும் பேராசிரியப் பெருமக்கள் இந்தப் பத்தியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.

இனி மாமாவின் கணக்கு. என் மனம் அதிகம் தங்கியது இதில்தான். மாமாவின் பழைய டீசல் வண்டி எஃப்.சி.க்குக் காட்டும்போதெல்லாம் இருபதாயிரம் விழுங்கிக்கொண்டிருந்தது. புதிதாக டீசலில் சிறிய கார் தேடினால் எளிதில் அகப்படாது; மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டது. கேஸ் வண்டி வாங்கினால் பயணிகளின் பெட்டி வைக்கும் இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். கோயில் சவாரிக்கு அது ஒத்துவராது. ஆகவே பெட்ரோலா மின்சாரமா என்ற கேள்வியே எஞ்சியது.

மாமா ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓட்டுகிறார். லிட்டருக்கு 18 கி.மீ. கிடைத்தாலும் பெட்ரோலுக்கு 2 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய். (திருநள்ளாறு போகும்போது காரைக்காலில் டேங்க்கை நிரப்பிக்கொள்வார், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. எந்த ஓட்டுநரும் இதை விடமாட்டார்.) மின்சாரமானால் 6,150 யூனிட் வேண்டும். பாதி வீட்டிலும் பாதி வெளியிலும் சார்ஜ் போட்டு, வெளியில் 20 ரூபாய்க்கும் கூடுதலாகக் கேட்பதையும் கருதி, சராசரி 15 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தேன். அப்படியும் 92 ஆயிரம்தான். மிச்சம் 1 லட்சத்து 32 ஆயிரம்! மாமாவுக்கேற்ற இரண்டு வண்டிகளின் விலை வித்தியாசம் மூன்றரை லட்சம். அது முழுவதையும் 14 விழுக்காடு வட்டிக்கு 5 ஆண்டுக் கடனாக வாங்கினாலும் மாதத் தவணை 8,150 ரூபாய். ஆண்டுக்கு 98 ஆயிரம். அதையும் கட்டிவிட்டு ஆண்டுக்கு 34 ஆயிரம் கையில் நிற்கும். அது என் மாமன் மகளின் நர்சிங் படிப்புக்கு ஒரு பருவக் கட்டணம். பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு விலக்களித்திருக்கிறது; அந்தச் செலவும் இல்லை.

ஓட்ட முடியுமா என்பதையும் பார்த்தோம். மாமாவின் முக்கியச் சவாரி நவக்கிரகக் கோயில்கள். விடியற்காலையில் புறப்பட்டு ஒன்பது தலங்களையும் சுற்றி வர 250 கி.மீ.க்கு மேல் ஆகும். சிறிய மின்சாரக் கார் ஏ.சி. போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் அவ்வளவு ஓடாது. ஆனால் உச்சிக் காலத்துக்குப் பின் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஓட்டுநர்கள் மரநிழலில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கும் நேரம் அது. விரைவு சார்ஜரில் ஒரு மணி நேரம் போதும். சாமி ஓய்வெடுக்கும் வேளையில் வண்டியும் ஓய்வெடுக்கலாம். சார்ஜர் மட்டும் கோயிலருகே இருக்க வேண்டும்.

இத்தனையும் தாளில் சரியாக வந்தது. தடை வந்தது வேறு இடத்தில். மாமா இருப்பது வாடகை வீடு. நாலு குடித்தனத்துக்குப் பொதுவான சந்து. அங்கே 15 ஆம்பியர் பிளக் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அடுத்து, கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் நிறுவனம். பெட்ரோல் வண்டிக்கு விலையில் 15 விழுக்காடு முன்பணம் கேட்டவர்கள், மின்சார வண்டிக்கு 30 விழுக்காடு கேட்டார்கள். ஏழரை லட்சம் பெட்ரோல் வண்டிக்கு 1,12,500 ரூபாய். 11 லட்சம் மின்சார வண்டிக்கு 3,30,000 ரூபாய். காரணம் கேட்டேன். தவணை தவறினால் பழைய மின்சார வண்டியை ஏலத்தில் எடுக்க ஆளில்லை என்றார் அலுவலர். எங்கள் ஊர்த் தரகரும் அதன் விலையைச் சொல்ல நாக்கைக் கடித்துக்கொண்டார். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. பொறுப்பு என்கிறார்கள், ஐயாவின் காருக்கு 8 ஆண்டு முடியும்போது 32 ஆயிரம் கி.மீ.தான் ஆகியிருக்கும். மாமா அந்த 1,60,000-ஐ நாலே ஆண்டில் எட்டிவிடுவார். அதுவும் வாடகை வண்டிக்கு இந்தப் பொறுப்பைக் குறைத்துவிடுவதுண்டு.

மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே. யோசித்துப் பார்த்தால், அது பல ஆண்டுப் பெட்ரோலை முதல் நாளே மொத்தமாக வாங்கி வைப்பதுபோல. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது மளிகைக் கடைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம் தெருக்களில் எண்ணெய் நூறு மில்லியாகத்தானே விற்கிறது? இந்தச் சங்கடத்தை உற்பத்தியாளரும் அறிவார்கள். எம்.ஜி. நிறுவனம் 2024 செப்டம்பரில் 'விண்ட்சர்' காரைப் பேட்டரி நீங்கலாக 9.99 லட்சத்துக்கும், பேட்டரியைக் கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் வாடகைக்கும் தருவதாக அறிவித்தது. மாமாவின் கணக்கில் அந்த வாடகையைச் சேர்த்தேன். மூன்றரை ரூபாய் வாடகை, 2 ரூபாய் 31 பைசா மின்சாரம். மொத்தம் 5 ரூபாய் 81 பைசா. பெட்ரோலுக்கு 5 ரூபாய் 61 பைசா. மிச்சம் முழுவதும் வாடகையிலேயே போய்விட்டது.

கடைசியாக ஒருநாள் இரவு, தாளைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு மாமாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையும் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா சொன்னார்: "கணக்கு சரிதான் மாப்ளே. அஞ்சு வருஷத்துல மிச்சமாவுற காசு, நாளன்னிக்குக் கட்ட வேண்டிய முன்பணத்துக்கு ஆவுமா? உங்க அத்தை கழுத்துல இருக்கறத எல்லாம் வச்சாலும் ரெண்டே கால்தான் வரும்."

நான் பதில் சொல்லவில்லை. "முன்பணம் வேணும்னா சங்கத்துல கேட்டுப் பாக்கலாமே மாமா?" என்று பிறகு கேட்டதற்கு, அங்கே ஏற்கெனவே வீட்டுக் கல்யாணக் கடன் நிற்பதாகச் சொன்னார்.

2025 கார்த்திகையில் பெட்ரோல் வண்டி வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாரங்கபாணி கோயில் வரை ஓட்டிப் போய் வந்தோம். அதன் தவணை 2030-இல் முடிகிறது. அதற்குள் விலை எப்படி மாறும், கோயில் வாசல்களில் சார்ஜர் வருமா என்றெல்லாம் மாமா இப்போதும் சவாரிக்கு நடுவே போன் செய்து கேட்பார். அந்தக் கணக்குத் தாளைக் கிழித்துவிடாதே என்று சொல்லியிருக்கிறார். அடக்கவிலைக் கணக்கியல் குறிப்பேட்டின் நடுவில் வைத்திருக்கிறேன்.