இலேசும் புதுமையும்

பாரம் குறைந்தது எங்கும் பொருந்தும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. பாரம் சுமந்தே பழகிய மக்களுக்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயினும் கணினி விஷயத்தில் அது செல்லாது.

2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பழைய கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கியோர் பலர். கூலாயில் என் தமக்கை வீட்டாரும், நான்காம் படிவத்தில் பயிலும் மகளுக்காக, விலை குறைந்த மடிக்கணினி ஒன்றை வாங்கினர். இயந்திரம் புதிது; நினைவகமோ 4 ஜிபி மாத்திரம். உடன் வந்த விண்டோஸ் 11, செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவது போல் ஊர்ந்தது. ஆகையால் இலேசான லினக்ஸ் வகை ஒன்றைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தோம்.

திரை ஒளிர்ந்தது, வேகமும் கண்டோம். ஆனால் வைஃபை இல்லை, ஒலி இல்லை, தொடுதளத்தில் விரலை எவ்வளவு தேய்த்தும் அம்புக்குறி அசையவில்லை. "பழைய கணினியில் ஓடுவது புதியதில் ஏன் மாமா ஓடவில்லை?" என்று பிள்ளை கேட்டாள். அத்தானோ, "இலவசமாய் வந்தது அப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்பே கூறிவிட்டார்.

பிள்ளையின் கேள்விக்கு விடை உண்டு. அத்தானின் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை.

லினக்ஸின் கருவுக்குக் கெர்னல் என்று பெயர். கணினியின் உறுப்புகளோடு பேசும் டிரைவர்களில் பெரும்பாலானவை அதனுள்ளேயே அடங்கியுள்ளன. இலேசான வகைகள் பலவும் பழைய இயந்திரங்களுக்கு உயிரூட்டவென்றே செய்யப்பட்டவை. அவற்றுள் பழைய கெர்னலோடு வருவனவும் உண்டு. 2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04, தொடக்கத்தில் 5.15 ஆம் கெர்னலைக் கொண்டிருந்தது. ரியல்டெக் 8852பிஇ என்னும் வைஃபை சில்லுக்கான டிரைவரோ, 2023 பிப்ரவரியில் வந்த 6.2 ஆம் கெர்னலில்தான் சேர்ந்தது. பின்னே பிறந்ததை முன்னே பிறந்தது எவ்விதம் அறியும்?

நிற்க. டிரைவர் இருந்தாலும், சில்லுக்குள் ஏற்ற வேண்டிய பெர்ம்வேர் இன்றேல் பயனில்லை. அதன் மூலநிரலைத் தயாரிப்பாளர் பலர் பூட்டியே வைத்திருக்கின்றனர். டெபியன் திட்டத்தார் அத்தகைய பெர்ம்வேரைத் தம் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022 இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் சேர்த்தனர். கொள்கை தளர்ந்தது என்று வருந்துவோர் உண்டு. இணையமே கிடைக்காத கணினியை வைத்துக்கொண்டு ஏழைப் பிள்ளை எந்தக் கொள்கையைக் காப்பாற்றுவாள்? சுதந்திரம் முதலில் அவள் கைக்கு எட்டட்டும். பூட்டைத் திறக்கும் போராட்டமும் உடன் நடக்கட்டும்.

புதிய கெர்னல் கொண்ட வேறோர் இலேசான வகையை அதே இயந்திரத்தில் ஓட்டினோம். வைஃபை வந்தது, தொடுதளம் இசைந்தது, ஒலியும் கேட்டது. மூடி வைத்தால் சில வேளை விழிக்க மறுக்கும் குறை ஒன்றே எஞ்சியது.

"இவ்வளவு தொல்லை நமக்கு எதற்கு?" என்பீர்கள். 2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் எனப் பட்டியலிடப்படுவன அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. செம்பனை சூழ்ந்த நம் கூலாயிலேயே ஒய்.டி.எல். பசுமைத் தரவு மையப் பூங்கா எழுந்துள்ளது. இத்தகைய மையங்களின் சர்வர்களில் பெரும்பான்மை ஓடுவது லினக்ஸே. அங்கே காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டுமா நம் பிள்ளைகள் செல்ல வேண்டும்? அத்தொழில்கள் இழிவானவையல்ல, அவையே நம் எல்லை என்பதுதான் இழிவு.

ஆகவே அன்பர்களே, புதிய கணினியில் இருப்பதை அழிக்குமுன், பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, தொடுதளம், வட்டு ஆகியன தெரிகின்றனவா என்று ஒவ்வொன்றாய்ச் சோதியுங்கள். கெர்னலின் ஆண்டு, இயந்திரத்தின் ஆண்டுக்குப் பிந்தியதாய் இருக்கட்டும். வாங்குமிடத்தில் உள்ளிருக்கும் வைஃபை சில்லு எது என்று கேளுங்கள். விற்பவர் முகம் சுளிக்கலாம். காசு கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்கும்படி விடுங்கள்.