ஐப்பசிக்கு முன் நல்லதண்ணியில்

மேலை நாட்டார் இலையுதிர்காலம் என்று ஒரு பருவத்தைச் சொல்லுவார்கள். அறுவடை முடிந்து, களஞ்சியம் நிறைந்து, வரப்போகும் பனிக்காலத்துக்கென வீட்டை ஒழுங்கு செய்யும் காலம் அது. நம் மலைநாட்டில் இலை உதிர்வதில்லை. தேயிலைச் செடிக்குப் பன்னிரண்டு மாதமும் பச்சைதான். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு திங்களையும் கூதிர் காலம் என்று நம் முன்னோர் தனியே பிரித்து வைத்தார்கள். வாடையும் மழையும் சேர்ந்து மனிதரை வீட்டுக்குள் இருத்தி, அடுப்பையும் அரிசிப் பானையையும் நினைக்க வைக்கும் காலம். அந்தக் காலத்தின் வாயிலில், 2025 ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நான் நல்லதண்ணிக்குச் சென்றிருந்தேன்.

அட்டனில் பஸ் ஏறினால் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று பாதை மலையைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. வழியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நீலப் பட்டு விரித்தாற்போலத் தோன்றும். அந்த நீரின் அடியில் ஓர் ஊர் உறங்குகிறது. 1960களில் மின்சாரத்துக்காக அணை கட்டப்பட்டபோது, பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கிற்று. இன்றைய மஸ்கெலியா மேட்டில் புதிதாக எழுந்தது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் தலைகாட்டுவதைக் காணலாம். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் கைகூப்பி அந்தத் திசையை வணங்கினார்.

பாதை முடியும் இடத்தில் இருக்கிறது நல்லதண்ணி. 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலையின் அடிவாரம் அது. சிவபெருமானின் திருவடி என்று சைவரும், புத்தர்பிரானின் பாதச்சுவடு என்று பௌத்தரும், ஆதம் நபியின் கால் பட்ட இடமென இஸ்லாமியரும் போற்றும் மலை. மார்கழியை ஒட்டிய உந்துவப் பௌர்ணமி முதல் வைகாசியில் வரும் வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் இரவெல்லாம் விளக்குகள் மலையின் கழுத்தில் இட்ட மாலைபோல் ஒளிரும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் மனிதர் வரிசை ஏறி இறங்கும். ஆனால் நான் சென்ற நாளில் விளக்கும் இல்லை, வரிசையும் இல்லை. கடைகள் பலவற்றுக்குப் பலகை அடைத்திருந்தது. மழையில் நனைந்த நாய் ஒன்று தெருவின் நடுவே படுத்திருந்தது. பாதி வருடம் திருவிழா, பாதி வருடம் மௌனம்: இதுதான் இவ்வூரின் வாழ்க்கைக் கணக்கு.

சம்பளத்துக்கு மறுநாள்

தோட்டங்கள் பலவற்றில் 10ஆம் திகதியளவில் சம்பளம். நான் சென்றது 11ஆம் திகதி. அத்துடன் தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்களே இருந்தன. மதியத்துக்குமேல் பிடித்த மழைக்கு ஒதுங்கி நான் நின்ற லயத்து வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உள்ள வாங்க ஐயா. நனைஞ்சு போயிருக்கீங்க. ஒரு சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அறுபதை எட்டிய ஓர் அம்மையார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய விரல்களில் தேயிலைக் கறை நிரந்தரமாகத் தங்கியிருந்தது. அடுப்பின் மேலே பரணில் விறகு அடுக்கி உலர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி, பத்தாம் வகுப்பு மாணவி, பாய்மேல் அமர்ந்து ஒரு கொப்பியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பாடசாலைக் கணக்கு என்று எண்ணினேன். எட்டிப் பார்த்தபோது அது வீட்டுக் கணக்கு. அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய், பஸ் கூலி என்று ஒவ்வொன்றும் திகதியுடன் எழுதப்பட்டிருந்தது.

"எனக்கு எழுதத் தெரியாது; பேத்திக்குத் தெரியும். நான் சொல்லுவேன், அவ எழுதுவா" என்றார் அம்மையார்.

கணக்கின் ஒரு மூலையில் இவ்வாறிருந்தது: தீபாவளி முற்பணம், இல்லை. எனக்கு வியப்பாக இருந்தது. தோட்டத்துக் குடும்பங்களில் தீபாவளி முற்பணம் வாங்காத வீடு அரிது. புத்தாடையும் பலகாரமும் அதில்தான். பண்டிகை முடிந்ததும் அடுத்தடுத்த மாதச் சம்பளங்களிலிருந்து அது கழிக்கப்படும். கழித்து முடியும் சமயத்தில் அடுத்த தீபாவளி வந்துவிடும். மறுபடி முற்பணம்.

"நாங்களும் வருசா வருசம் வாங்கினோம் ஐயா. ஒரு வருசம் இவ அப்பன் படியில சறுக்கிக் காலை முறிச்சுக்கிட்டான். மூணு மாசம் பேர் விழவில்லை. அப்பவும் பழைய முற்பணம் கழிபட்டுக்கிட்டே இருந்துச்சு. காதுத் தோட்டை அடகு வச்சுத்தான் அரிசி வாங்கினேன். தோடு திரும்பி வரவே இல்லை."

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு வேப்பங்குச்சி இருந்தது.

கடனின் பழைய கதை

இந்த முற்பணத்துக்கு மலைநாட்டில் நூற்றாண்டுகள் கடந்த சரித்திரம் உண்டு. தமிழகத்திலிருந்து நம் மக்களைக் கங்காணிகள் அழைத்து வந்தபோதே வழிச்செலவு கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பட்ட கடன் தொகை ஒரு சீட்டில் குறிக்கப்படும். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அந்தக் கடனைச் செலுத்தி ஆளை ஏற்றுக்கொள்ளும். கடன் மட்டும் ஆளைவிட்டு நீங்காது. வேலை தொடங்குமுன்பே கடனாளியாக வந்தவர் நம் முன்னோர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சீட்டு ஒழிந்தது, முன்கூட்டி வாங்கிப் பின்னால் உழைத்துத் தீர்க்கும் பழக்கம் ஒழிந்ததா என்பதே கேள்வி.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் மறந்துவிடலாகாது. தொழிலாளி கடன்படுவது ஊதாரித்தனத்தால் மட்டும் அன்று. 2024 செப்டம்பரில் நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் இருபது பேர் விழுந்தால் 27,000 ரூபாய். அதில் ஒரு குடும்பம் உண்டு, உடுத்து, படிக்க வேண்டும். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், அரசின் வரவுப்படியையும் சேர்த்து நாளுக்கு 1,750 ரூபாய் என முன்மொழிந்தது. நியாயமான கூலி கேட்பது உரிமை. சிக்கனம் அதற்கு ஈடாகாது. ஆனால் கிடைக்கும் கூலி கைக்கு வருமுன்பே பிறர் கணக்கில் போய்விடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

அம்மையாரின் வழி

அவர் செய்தது எளியது. 20,000 ரூபாய் முற்பணம் பத்து மாதத்தில் கழிபடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபாய். ஏறக்குறைய ஒன்றரை நாள் உழைப்பு. முதல் வருடம் அவர் முற்பணத்தில் பாதியை மட்டும் வாங்கினார். மாதந்தோறும் கழிபடும் தொகை பாதியாயிற்று. மிஞ்சிய பாதியைச் சம்பள நாளன்றே பேத்தியின் பெயரில் சேமிப்புக் கணக்கில் இட்டார். மறு வருடம் முற்பணமே வாங்கவில்லை. சேர்த்திருந்த தொகையும் கைச்செலவைச் சுருக்கியதும் பண்டிகையைச் சமாளித்தன. மூன்றாம் வருடம் முழுத்தொகையும் அவருடைய சொந்தப் பணம்.

"கழிக்கிறதை அவுங்க கழிச்சா கடன், நாமளே கழிச்சா சேமிப்பு. அம்புட்டுத்தாங்க ஐயா" என்றார்.

அம்புட்டுத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த இடைப்பட்ட தீபாவளியைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் சற்று வாடியது. பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகள் புதுச் சட்டையுடன் ஓடிவந்தபோது, இந்த வீட்டுப் பிள்ளை சென்ற வருடத்துச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கதவோரத்தில் நின்றாளாம். "கஞ்சப் பிசுநாறி" என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம்.

"அன்னைக்கு இவ அழுதா. நானும் அழுதேன். ஆனா முடிவை மாத்திக்கல."

சிறுமி தலைநிமிராமல், "இப்ப அழமாட்டேன் அப்பாயி" என்றாள்.

கொப்பியால் விளைந்த மற்றொரு நன்மையையும் அவளே சொன்னாள். கடையில் கடனுக்குச் சாமான் வாங்கும் குடும்பத்துக்குக் கடைக்காரர் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். மாத முடிவில் அவர் சொல்வதே தொகை. ஒரு மாதம் இவளுடைய கொப்பியும் கடைக் கொப்பியும் ஒத்துவரவில்லை. ஒரே மா மூட்டை இரண்டு திகதியில் எழுதப்பட்டிருந்தது. பாட்டியும் பேத்தியும் இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். கடைக்காரர் தம் தவறை ஒப்புக்கொண்டு அடித்துத் திருத்தினார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எழுத்து இருந்த இடத்தில் வாக்குவாதத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கூதிருக்கு முன் செய்ய வேண்டியவை

அந்த வீட்டில் நான் கற்றவற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறேன். நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கும் இவை பொருந்தும்.

யாத்திரைக் காலத்தில் இவ்வூரில் சுமை தூக்குவோருக்கும் கடைகளில் உதவுவோருக்கும் கூடுதல் வருமானம் உண்டு. அதை அன்றாடச் சோற்றுக்குச் செலவிட்டால் வெசாக் முடிந்ததும் கை வெறுமையாகும். ஆகவே இந்த வீட்டில் பருவ வருமானம் பருவமல்லாத மாதங்களுக்கே உரியது. தை முதல் பங்குனி வரை வெயிலில் கொழுந்து குறையும். மேலதிகக் கிலோவுக்கான பணமும் குறையும். பாடசாலை ஆண்டு தொடங்கும்போது சப்பாத்தும் கொப்பியும் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஐப்பசியிலேயே கொப்பியில் ஏறிவிடுகிறது.

சம்பளச் சீட்டை எறிந்துவிடக் கூடாது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியிடமிருந்து குறைந்தது நூற்றுக்கு 8 பங்கும், தொழில் தருநரிடமிருந்து 12 பங்கும் அந்நிதிக்குச் சேரவேண்டும். 27,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்து 5,400 ரூபாய். முதுமையின் ஊன்றுகோல் அதுவே. இவ்வீட்டில் சீட்டுகள் அனைத்தும் மாதவாரியாக நூலில் கோக்கப்பட்டிருந்தன.

சேமிப்பு வீட்டுப் பானையில் இருந்தால் தேவையும் ஆசையும் அதைத் தேடி வரும். தபாலகச் சேமிப்பு வங்கி 1885 முதல் நம் நாட்டில் இருந்து, 1972இல் தேசிய சேமிப்பு வங்கியுடன் இணைந்தது. தபாலகத்திலேயே அக்கணக்கில் பணம் இடலாம் என்பது மலைநாட்டுக்கு நல்ல சௌகரியம்.

கடைசியாக ஒன்று. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் யாவும் ஒரே நெகிழிப் பையில் கட்டி, கதவருகே ஆணியில் தொங்கின. "மண் சரிஞ்சா இதைத் தூக்கிக்கிட்டு ஓடணும்" என்றார் அம்மையார். மிகை என்று நினைத்தேன். அடுத்த மாத இறுதியிலேயே டித்வா புயல் வந்து, மலைநாடெங்கும் மண்சரிவுகளால் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றது. அந்த ஆணியை அன்று நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். அவ்வீட்டார் நலமாயிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தபோதுதான் மனம் ஆறியது.

மழை விட்டதும் விடைபெற்றேன். சிறுமி பஸ் நிற்கும் இடம் வரை உடன் வந்தாள். மலையுச்சி மேகத்துக்குள் மறைந்திருந்தது.

"எத்தனை முறை ஏறியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நாலு தடவை, ஐயா. மேல பாத்தா ஏற முடியாது. அப்பாயி படியை மட்டும் பாக்கச் சொல்லும்."

நகரத்துக்குத் திரும்பிய அன்றிரவே நான் ஒரு கொப்பி வாங்கினேன். தீபாவளிக்கென நண்பரிடம் நான் கேட்கவிருந்த கைமாற்றைக் கேட்கவில்லை. அவ்வாண்டு எங்கள் வீட்டில் பலகாரம் ஒரு வகை குறைந்தது. கொப்பியின் முதற்பக்கத்தில், நான் சொல்லச் சொல்ல, என் மகன் திகதியிட்டு எழுதினான்.