எந்தத் தோட்டம்?

காலை ஏழு மணிக்கு அத்தை என் வலது பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஊசியை மெழுகுவத்தியில் காட்டிக் கொப்புளத்தின் ஓரத்தில் குத்தினார். "தண்ணிய மட்டும் எடுக்கணும். தோலை உரிச்சிட்டா நாளைக்கு உன்னை வேன்லதான் ஏத்தணும்" என்றார். பிறகு கோடாலித் தைலம். கொப்புளத்தில் அது பட்டபோது நான் போட்ட சத்தத்தில் கீழே கடை திறந்துகொண்டிருந்தவர் மாடியை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

அத்தைக்கு வயது 67. அவர் காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நாளுக்கு நானூறு ஐந்நூறு மரத்தில் பால் வெட்டிய கால். நான் கோலாலம்பூரில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். நெகிரி செம்பிலானில் உள்ள பகாவிலிருந்து மலாக்காவுக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குவாலா பிலா, ஜொகோல், தம்பின், அலோர் காஜா என்று நான்கு இரவுகளில் நடந்து முடித்திருந்தோம். வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடை. மொத்தம் பதினோரு பேர், பின்னால் தண்ணீரும் பாயும் ஏற்றிய ஒரு வேன். இன்று முழுக்க ஓய்வு. ஜாலான் பெண்டஹாரா பக்கம் தெரிந்தவர் ஒருவர் கடை மாடியைத் திறந்துவிட்டிருந்தார்.

மாசி மகத்துக்காக வந்திருக்கிறோம். மலாக்காவின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகன் வெள்ளித் தேரில் புறப்பட்டு, நகரத்துக்கு வெளியே செங் என்ற இடத்திலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போவார். வேடிக்கை என்னவென்றால், அலோர் காஜாவிலிருந்து வருகிறவன் செங்கைத் தாண்டித்தான் நகருக்கு வரவேண்டும். நேற்று விடியற்காலையில் அந்தப் பக்கம் வந்தபோது என் மைத்துனர், "போகவேண்டிய கோயில் இங்கதானே இருக்கு? இங்கேயே படுத்துக்குவோமே" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அத்தை நிற்கவே இல்லை. "சாமி நடந்து வரும்போது நீ முன்னாடியே வந்து படுத்துக்கிட்டா அதுக்குப் பேர் யாத்திரையா?" நகரத்துக்குப் போய், சாமியோடு சேர்ந்து, அதே சாலையில் திரும்பி வரவேண்டும். இந்தக் கூடுதல் நடைக்காகத்தான் இந்த ஓய்வு நாள்.

தம்பினிலிருந்து நடந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் தம்பினிலிருந்து கிளைப்பாதை ஓடியது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சண்டை முடிந்தும் யாரும் திரும்பப் போடவில்லை. தண்டவாளத்தோடு ஆட்களையும் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக அந்தக் காட்டில் செத்தார்கள். தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். வீட்டில் அவருக்குப் பெயர்கூட இல்லை, 'சயாமுக்குப் போனவர்' என்றால் எல்லாருக்கும் தெரியும். புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு அருகில் அத்தை ஒரு சூடத்தைக் கொளுத்தி சாலையோரம் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஓய்வு நாள் என்று சொன்னேனே தவிர, பத்து மணிக்கெல்லாம் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கீழே நின்றார். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஊரைப் பார்க்காம போறதா?"

ஊர் என்றால் முதலில் சிவப்புக் கட்டடங்கள். டச்சுக்காரர்கள் 1753இல் கட்டிய தேவாலயம், பக்கத்தில் ஸ்தாதூய்ஸ் என்ற அவர்களுடைய பழைய நகர மன்றக் கட்டடம், இன்னும் சற்றுத் தள்ளி, 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் எழுப்பிய கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாசல். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து கூட்டம் குறையவே இல்லை. பூனை பொம்மை கட்டிய ரிக்ஷாக்கள் காது கிழியப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகின்றன. அத்தை ஒன்றில் ஏற மறுத்துவிட்டார். காசுக்காக அல்ல, யாத்திரையில் வண்டி ஏறக்கூடாதாம். கோட்டை வாசலை ஒரு பார்வை பார்த்து, "நம்ம தோட்டத்துக் கிராணி வீட்டு வாசல் இதைவிடப் பெருசு" என்றார். அதோடு போர்ச்சுகீசியர் முடிந்தார்கள்.

பொய்யாத விநாயகர் கோயில் இருக்கும் ஜாலான் துக்காங் இமாஸ், பொற்கொல்லர் தெரு, எனக்கு நகரத்திலேயே மிகப் பிடித்த இடம். வானளாவிய கோபுரத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். கடைவீடுகளின் வரிசையிலேயே கோயிலும் நிற்கிறது. டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781இல் கட்டியது. சில அடி தள்ளி 1748ஆம் ஆண்டுப் பள்ளிவாசல், அதைத் தாண்டினால் செங் ஹூன் தெங் என்ற பழைய சீனக் கோயில். பள்ளிவாசலின் பெயர் கம்போங் கிளிங். இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. இந்தியரைத் திட்டப் பயன்படும் அந்த 'கிளிங்' என்ற சொல்லுக்காகப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருவன் மூக்கில் குத்தி, இரண்டு நாள் வெளியே நின்றிருக்கிறேன். இங்கே அது பெயர்ப் பலகையில் வசையின் நாற்றமில்லாமல், வெறும் பழைய சொல்லாக இருக்கிறது. படித்துவிட்டு எனக்கு என்ன தோன்றியது என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

வெயில் ஏறியதும் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போனோம். வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, மலாக்கா செட்டிகள் வேறு. இவர்கள் சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். தமிழ் பேச வராது. வீட்டுமொழி மலாய். பெண்கள் சாரோங், கெபாயா அணிவார்கள். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று மூதாதையருக்கு வாழையிலை போட்டுப் படைப்பதை மட்டும் விடவில்லை. 1822இல் எழுந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் அவர்களுடையது.

கோயில் வாசலில் ஒரு பாட்டி பெருக்கிக்கொண்டிருந்தார். அத்தை பார்த்ததும் கேட்டார்: "எந்தத் தோட்டம்?"

நெகிரி செம்பிலானில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. பெயர் அப்புறம், ஊர் அப்புறம். பகாவா, ரொம்பினா, சிலியாவா என்று தெரிந்துவிட்டால் சாதி, சொந்தம், யார் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தோம் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். பாட்டி புரியாமல் விழித்தார். அத்தை அதையே மலாயில் கேட்டார். தோட்டத்துச் சீனன் கடையில் கற்ற மலாய் அது. பாட்டி சிரித்தார். தோட்டமெல்லாம் இல்லை, எங்கள் ஆட்கள் எப்போதுமே இந்தக் கம்போங்கில்தான் என்றார்.

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. தோட்டத்துக்கு வராமல் ஒரு தமிழன் எப்படி இந்த நாட்டுக்கு வந்திருக்க முடியும்? நான் இடையில் புகுந்து, இந்த நாட்டில் பால்மரத்தை வியாபாரத்துக்கு முதலில் நட்ட இடங்களில் ஒன்று இந்த மலாக்காதான், டான் சாய் யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் நட்டார், இவர்கள் அதற்கும் நானூறு வருடத்துக்கு முன்னாடியே வந்தவர்கள் என்று விளக்கினேன். "அப்போ நம்ம அப்பாவைக் கப்பலேத்துன மரம் இந்த ஊர்லேர்ந்துதான் வந்துச்சா" என்பதை மட்டும் அத்தை பிடித்துக்கொண்டார்.

பாட்டி எங்களை உள்ளே அழைத்துப்போனார். அம்மனைக் காட்டி, டத்தோ சாச்சார் என்றார். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். திருவிழாவையும் அவர்கள் அந்தப் பேரில்தான் சொல்கிறார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து, தோட்டத்து அம்மன் விபூதியைப் பாட்டியின் நெற்றியில் இட்டார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார்கள். முழுக்க மலாயில், பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி.

திரும்பும்போது அத்தை கேட்டார்: "தமிழ் போயிருச்சு, கோயில் இருக்கு. எப்படிடா?"

எனக்கு வழியில் பார்த்தவை நினைவுக்கு வந்தன. பகாவிலிருந்து தம்பின் வரை இரவு முழுக்க டார்ச் வெளிச்சத்தில் செம்பனை. நடுநடுவே சாலையோரத்தில் ஒரு முனியாண்டி, ஒரு காளி, தகரக் கூரை, துரு ஏறிய வேல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலத்தில் ஒரு தொழிலாளர் லயமும், ஆயாக்கொட்டகையும், தமிழ்ப்பள்ளியும் இருந்திருக்கும். எங்களிடம் தமிழ் இருக்கிறது, தோட்டம்தான் இல்லை. செட்டிகள் இருக்கும் நிலம் அவர்களுடையது, நாங்கள் இருந்த நிலம் கம்பெனியுடையது. வேறு ரகசியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. சென்டோல் வாங்கிக்கொடுத்தேன்.

சாயங்காலம் பொய்யாத விநாயகர் கோயிலில் நிற்க இடமில்லை. தேருக்குப் பூ வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், ஜொகூர்க்காரர்கள், பால்குட நேர்த்திக்காரர்கள். அன்னதான வரிசையில் கரண்டியோடு நின்ற பெரியவர் ஒருவர் அத்தையைப் பார்த்து, "எந்தத் தோட்டம்மா?" என்றார்.

அத்தை தோட்டத்தின் பேரைச் சொன்னார்.

"அதைத்தான் வித்து வீட்டுத் தாமானா ஆக்கிட்டானுங்களே?"

"ஆமா. லயமெல்லாம் ஒடச்சாச்சு. கோயில் மட்டும் ரோட்டோரமா இருக்கு."

"இப்போ எங்கேர்ந்து வர்றீங்க?"

"அங்கேர்ந்துதான்."

பெரியவர் அத்தையின் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார். அத்தை நகரவில்லை. பின்னால் நொண்டிக்கொண்டு நின்ற என்னைக் காட்டி, "இவனுக்கும் சேர்த்துப் போடுங்க, நாளைக்கு நடக்கணும்" என்றார்.