கடைக் கணக்கு

பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் எனக்குக் கணக்கிலே கர்வம் உண்டு. 2024 நவம்பர் 24ஆம் தேதி நடந்த ‘கேட்’ தேர்வு அதை அடக்கிவிட்டது.

இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர எழுதும் தேர்வு அது. கணக்குப் பகுதியில் 40 நிமிஷம், 22 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் தவறானதைக் குறித்தால் 1 குறையும். எதையும் விட மனமின்றி ஊகத்தில் குறித்தேன், கிடைத்ததையும் இழந்தேன்.

பின்பொரு நாள் தாராவியில் எங்கள் மளிகைக் கடையில் உட்கார்ந்து பயிற்சிக் கணக்கு ஒன்றை உரக்கப் படித்தேன்: “கொள்விலைமேல் 20 சதவீதம் ஏற்றி விலை குறித்து, அதில் 10 சதவீதம் தள்ளிக் கொடுத்தால் லாபம் எத்தனை சதவீதம்?”

நான் ‘எக்ஸ்’ என்று எழுதுமுன், சீரகம் நிறுத்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: “நூறு நூத்திருபதாச்சு, பன்னெண்டு போனா நூத்தியெட்டு. எட்டு.”

அன்றே பள்ளிக்கூடத்துச் சதவீதத்தையும் விகிதத்தையும் மறுபடி தொடங்கினேன். பிழைகளுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நிமிஷத்தில் வழி புலப்படாத கணக்கை விட்டுவிடப் பழகுகிறேன். அதுதான் கடினம். கட்டுப்படியாகாத சரக்கை அப்பா தொடுவதே இல்லை. அதைக் கற்க எனக்கோ ஒரு வருஷம் செலவாயிற்று.